கற்பனைக் குடித்தனக்காரர்

2018 ஜூலை. அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் திருவொற்றியூர் வீட்டுக்கு மாடி எடுத்து, முதல்முறையாக ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர் திடீரென்று 'ஹவுஸ் ஓனர்' ஆகிவிட்டார். அந்த வாரம் பேப்பரில் சொத்துவரி உயர்வு பற்றிய செய்தி வந்தது. சொந்தக் குடியிருப்புக்கு 50 சதவீதம் வரை, வாடகைக் குடியிருப்புக்கு 100 சதவீதம் வரை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "யாராச்சும் கார்ப்பரேஷன்லருந்து வந்து கேட்டா, எங்க தம்பி பொண்ணுன்னு சொல்லிடும்மா" என்றார். அதுவரை அவரை 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மாடி வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே, "சரிங்க பெரியப்பா" என்றார்.

யாரும் வந்து கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் வாடகை வீடுகளுக்கான உயர்வையும் அரசு 50 சதவீதத்துக்குக் குறைத்தது. 2019 நவம்பரில் அந்த உயர்வையே நிறுத்திவைத்தது. ஆனால் 'பெரியப்பா' மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு வரிக்குப் பயந்து ஒரு குடித்தனக்காரர் சொந்தக்காரராக மாற வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்வி எனக்குள் ரொம்ப நாள் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் கதை இருநூறு, முந்நூறு வருஷம் பின்னால் போகிறது. அதுவும் எங்கள் வடசென்னைக்குள்ளேயே.

சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி வடக்கே பேசின் பிரிட்ஜ் பக்கம் போகிற சாலைக்கு வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றியாகிவிட்டது. ஜனங்களுக்கு அது இன்னமும் வால்டாக்ஸ் ரோடுதான். சின்ன வயதில் நான் அதை ஏதோ வால் சம்பந்தப்பட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த 'வால்' மதில். 1758-59-இல் லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள் புகுந்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் விளிம்புவரை வந்துபோனது. அதன் பிறகுதான் கம்பெனிக்காரர்களுக்கு ஜனங்கள் வாழும் பகுதியைச் சுற்றி மதில் எழுப்பும் யோசனை வந்தது. 1769-இல் ஆரம்பித்து 1772-க்குள் பால் பென்ஃபீல்டு என்ற கான்ட்ராக்டர் கட்டிமுடித்தார். மேற்கு மதிலை ஒட்டியது வால்டாக்ஸ் ரோடு, வடக்கு மதிலை ஒட்டியது பழைய ஜெயில் ரோடு. அந்த வடக்கு மதிலில் மிச்சமிருக்கும் துண்டின் மேல்தான் இன்றைக்கு ராயபுரத்தின் மாடிப் பூங்கா இருக்கிறது.

மதில் உங்களுக்காகத்தானே, அதனால் செலவும் உங்களுடையது என்று வீட்டுக்காரர்களிடம் வரி கேட்கத் திட்டமிட்டார்கள். அப்படி வசூலிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்ற சந்தேகம் எழுந்து, வரி கடைசிவரை வசூலாகவேயில்லை என்றுதான் சென்னை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கட்டாத வரியின் பெயரில் ஒரு சாலை!

வீட்டு வரியை எதிர்ப்பது அதற்கு முன்பே இந்த ஊருக்குப் பழக்கம். 1686-இல் கறுப்பர் நகரத்துக்கு அரண் எழுப்ப வீட்டு வரி போட்டபோது ஜனங்கள் கடைகளை அடைத்துவிட்டார்கள். லண்டனில் உட்கார்ந்திருந்த ஜோசையா சைல்டுக்கு அதிலிருந்து ஒரு கணக்கு புலப்பட்டது. மேலேயிருந்து கேட்கிற சின்ன வரியைவிட, தங்களவர்களே உட்கார்ந்து போடுகிற பெரிய வரியை ஜனங்கள் சுலபமாகக் கட்டுவார்கள். 1687 டிசம்பரில் சாசனம், 1688 செப்டம்பரில் மேயரும் ஆல்டர்மேன்களும். பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழைய மாநகராட்சிகளில் ஒன்று என்று நாம் பெருமைப்படுகிற சென்னை மாநகராட்சி பிறந்ததில் வரி வசூலிக்கும் இந்த யுக்திக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரி என்று எப்படி முடிவு செய்வது? இதற்கு இங்கிலாந்து ஒரு விசித்திரமான வழி வைத்திருந்தது. ஏழைகளைப் பராமரிக்க ஊர்க்காரர்களிடம் வசூலித்த வரியை ஒழுங்குபடுத்த 1836-இல் ஒரு சட்டம் போட்டார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தேவையில்லை. 'இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக வருஷத்துக்கு என்ன கிடைக்கும்' என்று பார்த்தால் போதும். அங்கே வீட்டில் குடியிருக்கிறவர்தான் வரி கட்ட வேண்டும். ஆனாலும் கணக்குக்காக ஒரு கற்பனைக் குடித்தனக்காரரை வீட்டுக்குள் உட்கார வைத்து, அவரிடம் கற்பனையாகப் பேரம் பேசி, வந்த தொகையின் மேல் வரி. ஆங்கிலேய வழக்கறிஞர்கள் இந்த இல்லாத மனிதரைப் பற்றி எழுதிய பக்கங்கள் ஏராளம்.

அவர் கப்பலேறி இங்கேயும் வந்தார். 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் அதே சொற்களைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டது. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மொத்த ஆண்டு வாடகை, அந்த வாடகையில் கட்டடத்துக்கு உரிய பங்கில் ரிப்பேருக்காக 10 சதவீதம் கழிவு. மிஞ்சுவது 'ஆண்டு மதிப்பு'. வரி அதன் மேல். கட்ட வேண்டியவர் இங்கே வீட்டு உரிமையாளர். வருமான வரிச் சட்டமும் வீட்டு வருமானத்தை இந்த 'எதிர்பார்க்கக்கூடிய வாடகை'யை வைத்துத்தான் பார்க்கிறது. முதல்தடவை வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தெரியாத ஒரு சலுகையும் அதில் இருக்கிறது. உரிமையாளர் தன் கையிலிருந்து அந்த வருஷம் உண்மையிலேயே கட்டிய சொத்துவரியை வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பிறகு மிச்சத்தில் 30 சதவீதம் தனியாகக் கழியும். அப்பா மூன்று வருஷம் இதைச் செய்யவில்லை. ரசீதுகளை மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார், ஏதோ பத்திரம் மாதிரி. (வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியும் எங்கள் பக்கம் யாரும் நம்புவதாயில்லை.)

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வீட்டுப் பஞ்சம் வந்தது. சென்னையில் 1946-இலேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிறகு 1949, 1960 என்று தொடர்ந்தது. இப்போது கற்பனைக் குடித்தனக்காரருக்கும் நிஜக் குடித்தனக்காரருக்கும் மோதல். சட்டம் அனுமதிக்கிற நியாய வாடகைக்கு மேல் உரிமையாளர் வாங்க முடியாது என்றால், நகராட்சி மட்டும் அதற்கு மேல் ஒரு வாடகையை 'எதிர்பார்க்க' முடியுமா? கல்கத்தா, குண்டூர், டில்லி என்று இந்த வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயின. முடியாது என்றுதான் தீர்ப்புகள் வந்தன. வீட்டில் உண்மையில் குடியிருந்தவர் வரிக் கணக்கை இறக்கிவிட்ட அபூர்வமான காலம் அது.

அப்புறம் சோம்பல் காலம். பழைய சென்னைப் பகுதியில் 1998-க்குப் பிறகு பொதுச் சீராய்வே நடக்கவில்லை. இடையில் 2011 அக்டோபரில் திருவொற்றியூர் நகராட்சியும், எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கம் நகராட்சியும் மாநகராட்சியோடு இணைந்தன. திருவொற்றியூர் முதல் மண்டலம், ராயபுரம் ஐந்தாவது மண்டலம். பெயர்ப்பலகை மாறியதே தவிர, இணைந்த பகுதி என்ற அடையாளம் போகவில்லை. 2022 ஏப்ரலில் கடைசியில் உயர்வு வந்தபோது 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு ராயபுரத்தில் 50 சதவீதம், திருவொற்றியூரில் 25 சதவீதம். 601-இலிருந்து 1200 வரை அங்கே 75, இங்கே 50. எங்களுக்கு வந்த ஒரே லாபம் என்று அப்பா இதைச் சொல்வார். 2023 ஏப்ரலில் 1919 சட்டத்தின் இடத்துக்குப் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் வந்தது. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை (அதிகபட்சம் 5000 ரூபாய்), இழுத்தடித்தால் மாதம் 1 சதவீதம் அபராதம்.

தண்ணீருக்கு வேறு வாசல். 1978-இல் குடிநீர் வாரியம் தனியாகப் பிரிந்தது. ஆனால் அதன் வரியும் அந்தக் கற்பனை வாடகையின் மேல்தான் நின்றது. ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி. தண்ணீர்க் கட்டணம் அது போகத் தனி. மாடி எடுத்தால் இரண்டு அலுவலகத்துக்கும் தெரிய வேண்டும். பெயர் மாற்றமும் இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும். ஒன்றில் செய்தால் இன்னொன்றில் தானாக மாறிவிடும் என்று நம்பி அலைந்தவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர்.

இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் எப்போதுமே யாரோ ஒருவருக்காகத்தான் கிடைத்திருக்கிறது. ஏழு கிணறு என்று பெயர் தந்த கிணறுகள் 1772-ஆம் வருஷத் திட்டம். அங்கே இறைத்த தண்ணீர் குழாயில் ஓடி ஜார்ஜ் கோட்டைக்குப் போனது. நூறு வருஷம் கழித்து 1872-இல் செங்குன்றம் ஏரி நீர் கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்தது. அதை வடிகட்டும் நிலையம் 1914-இல்தான் வந்தது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீர். 2010-இல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய, மீஞ்சூர் ஆலை என்று சொல்லப்படுகிற நிலையம் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு கட்டப்பட்டது. மாடி வீட்டு அக்காவுக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டாம். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள், சம்ப்பில் பாதிக்கு மேல் இருக்கிறதா, லாரி வருமா, இவ்வளவுதான் அவர் கேட்பது.

கரண்ட் விஷயத்தில்தான் எனக்கு அப்பாவோடு நிஜமான சண்டை. 2016 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மேலே போகப் போக ஸ்லாப் ஏறும். 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கே ரேட் மாறிவிடும். எங்கள் வீட்டில் ஒரே இணைப்பு, மாடிக்கு சப் மீட்டர். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே 100 யூனிட். இரண்டு பேர் புழக்கமும் ஒன்றாகக் கூடி ஸ்லாப்பில் ஏறும். அப்பா யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினார். ஊரில் பத்து வாங்குகிறவர்களும் உண்டு என்பது அவர் சமாதானம். தனி இணைப்பு வாங்கினால் அக்காவுக்கு அந்த 100 யூனிட் அவர் பங்காகக் கிடைக்குமே என்றேன். "ரெண்டு மீட்டர் வெச்சா மாடி வாடகைக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்டா" என்றார். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இலிருந்து 2017 வரை ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுத்த பகுதியில், மாடியில் எரிகிற இரண்டு பல்புக்குக் கணக்கில் ஆள் இல்லை. 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோதும் அப்பாவின் எண்தான் போனது. குடித்தனக்காரர் என்று குறிப்பிட்டு அவர்கள் எண்ணை இணைக்கவும் வழியிருந்தது.

எனக்கு உறைத்தது அங்கேதான். கற்பனைக் குடித்தனக்காரருக்கு நூறு வருஷமாக நோட்டில் இடம் இருக்கிறது. மாதம் பிறந்தால் அஞ்சாம் தேதிக்குள் வாடகை கொண்டுவந்து கொடுக்கிறவருக்கு இல்லை. வரிக்குப் பயந்து உரிமையாளர் மறைக்கிறார். மறைத்தால் ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தம் இல்லையென்றால் முகவரிச் சான்று கேட்கிற ஒவ்வொரு கவுன்ட்டரிலும் குடித்தனக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். வரி ஏறினால் அது மட்டும் தவறாமல் அவர் வாடகையில் வந்து உட்காரும். 2022 உயர்வுக்கு அப்பாவுக்குக் கூடுதலாக வந்தது அரையாண்டுக்குச் சில நூறு ரூபாய். வாடகையில் அவர் ஏற்றியது மாதம் ஐநூறு.

2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் 1960 சட்டத்தை எடுத்துவிட்டது. நியாய வாடகை போனது. அதற்குப் பதிலாக எழுத்துபூர்வ ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் கட்டாயம் என்றது. தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்ட்டையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. எங்கள் தெருவில் பதிவு செய்தவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை.

போன வருஷம் மகளின் பாஸ்போர்ட்டுக்காக அக்கா கேட்டார். "பெரியப்பா, ஒரு அக்ரிமென்ட் போட்டுக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்." அப்பா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு, "அந்த கம்ப்யூட்டர்ல ஏதோ பதியலாம்னியே, எடு" என்றார். சொத்து விவரம், அசெஸ்மென்ட் எண், வாடகை, முன்பணம் எல்லாம் கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தார். குடித்தனக்காரர் பெயர் என்ற கட்டம் வந்ததும் நிறுத்தினார். இனிஷியல் தெரியவில்லை. முழுப் பெயரும் அதுதானா என்று சந்தேகம். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார், கேட்டு வர.