மணியும் மாசும்

மண்ணின் மடியில் பிறந்த கல்லை மருந்தென மனிதன் எண்ணத் தலைப்பட்ட காலம் மிகப் பழமையானது. நோயுற்றபோது மூலிகையை நாடிய அவன், ஒளிவிடும் கல்லையும் நாடினான். அதனைக் கழுத்தில் அணிந்தான், பொடியாக்கி உண்டான், நீரிலிட்டு அந்நீரைப் பருகினான். அந்நம்பிக்கை இன்றும் மறையவில்லை. 1970, 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் புத்துருவம் பெற்றுப் பரவிய படிக மருத்துவம், இன்று கோலாலம்பூர், சிங்கப்பூர் அங்காடிகளிலும் இடம்பிடித்திருக்கிறது. கல்லை விற்போர் அதனைத் 'தூய்மை செய்யும்' முறைகளையும் உடன் சொல்லி அனுப்புகின்றனர். உப்பு நீரில் ஊறவைக்க வேண்டும் என்பர். வெயிலிலும் நிலவொளியிலும் கிடத்த வேண்டும் என்பர். புகை காட்ட வேண்டும் என்பர். இவற்றுள் கல்லைக் காப்பது எது? கெடுப்பது எது? மனிதனுக்கே தீங்கு விளைப்பது எது? வரலாற்றைப் புரட்டினால் இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்.

ஏடுகள் சொல்லும் செய்தி

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ், கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டிக் கற்களைப் பற்றித் தனி நூலொன்று யாத்தார். அவருக்குப் பின் உரோமானிய அறிஞர் பிளினி, கி.பி. 77இல் நிறைவு செய்த 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலின் 37ஆம் பகுதியை மணிகளுக்கென ஒதுக்கினார். செவ்வந்திக்கல்லின் கிரேக்கப் பெயருக்கு 'மயக்கம் தராதது' என்பது பொருள். அக்கல்லை அணிந்தவனுக்கு மது மயக்கம் ஏறாது என்று அக்காலத்தார் நம்பினர். பிளினியோ, அது மந்திரக்காரர் கட்டிய பொய் என்று எழுதினார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லின் மேல் ஏற்றப்பட்ட ஆற்றலை ஐயுற்றோர் இருந்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அதே பிளினி படிகத்தின் மெய்யான மருத்துவப் பயன் ஒன்றையும் குறித்துள்ளார். படிக உருண்டையின் வழியே கதிரவன் ஒளியைக் குவித்து உடலின் புண்ணைச் சுடுவது சிறந்த முறையென மருத்துவர் சிலர் கருதினராம். இங்கே வேலை செய்தது கல்லில் உறையும் தெய்வ ஆற்றலன்று. ஒளியைக் குவிக்கும் அதன் வடிவமே. இன்றும் வெயில் விழும் சாளரத்தில் வைத்த படிக உருண்டை, திரைச்சீலையில் தீ மூட்டிய நிகழ்ச்சிகள் உண்டு. புண்ணைச் சுட்ட அதே ஒளி வீட்டையும் சுடும்.

தமிழர் கண்ட மணி

தமிழர்க்கும் மணிக்கும் உள்ள உறவு நெடியது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், அங்கே பழங்காலத்தில் மணித்தொழில் சிறந்திருந்ததைக் காட்டியுள்ளன. படிகம், சூதுபவளம் முதலிய கற்களில் செய்த மணிகளும், வேலை முற்றுப்பெறாத மணிகளும் அங்குக் கிடைத்துள்ளன. பதிற்றுப்பத்து போற்றும் கொடுமணம் என்னும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. வைடூரியத்தைக் குறித்த 'வேளுரிய' என்னும் பிராகிருதச் சொல் கிரேக்கத்தில் 'பெரில்லோஸ்' ஆயிற்று. அதன் வழிவந்த 'பிரில்ல' என்னும் சொல்லே இன்று செருமானிய மொழியில் மூக்குக் கண்ணாடிக்குப் பெயராக விளங்குகிறது. கல்லோடு சொல்லும் கடல் கடந்தது!

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடை வீதியை நம் கண்முன் நிறுத்துகிறது. வைரம் முதலாகப் பவளம் ஈறாக ஒவ்வொன்றின் நிறமும் குணமும் குற்றமும் அங்கே பேசப்படுகின்றன. முத்தின் குற்றங்களுக்குக் காற்று, மண், கல், நீர் ஆகிய நான்கும் காரணமாகச் சுட்டப்படுகின்றன. எந்த மணி எந்த நோயைத் தீர்க்கும் என்று அவ்வீதி வணிகர் பேசியதாக இளங்கோவடிகள் பாடவில்லை. எந்த மணி மாசற்றது, எது மாசுற்றது என்று ஆராயும் கண்ணையே அவர் நமக்குக் காட்டுகிறார். மணியைப் பேணும் கலை இந்தக் கண்ணிலிருந்துதான் பிறந்தது.

சேவலின் வயிற்றில் ஒரு முத்து

தூய்மை செய்யும் முறை பற்றிய பழஞ்செய்தி ஒன்று மிகச் சுவையானது. எகிப்தில் கி.பி. 300ஐ ஒட்டிக் கிரேக்க மொழியில் எழுதப்பட்டு, இன்று 'ஸ்டாக்ஹோம் பாப்பிரஸ்' என்று வழங்கும் ஏட்டில் 150க்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, அழுக்கேறிய முத்தை இந்தியர் தூய்மை செய்யும் வழி எனக் கூறப்பட்டுள்ளது. மாலையில் சேவலுக்கு முத்தை உண்ணக் கொடுக்க வேண்டும். காலையில் அதன் எச்சத்தில் தேடி எடுத்தால் முத்து பழைய ஒளியுடன் திகழும் என்பது அம்முறை.

இதில் மாயம் எதுவும் இல்லை. முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலம் பட்டால் கரைவது. பறவையின் வயிற்றிலுள்ள அமிலமும் அரைக்கும் சிறுகற்களும் முத்தின் மங்கிய மேற்படலத்தை அரித்தெடுக்க, அடியிலுள்ள புதிய படலம் வெளிப்படுகிறது. முத்து ஒளி பெற்றது உண்மை. சற்றுத் தேய்ந்ததும் உண்மை. கல்லின் இயல்பு அறியாது செய்யும் தூய்மை, கல்லையே உண்டுவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒன்பது மாதச் சோதனை

மரகதத்தைக் கண்ட பாம்பின் விழி குருடாகும் என்பது இடைக்காலத்தில் பரவியிருந்த நம்பிக்கை. கி.பி. 973இல் பிறந்த பேரறிஞர் அல்பிரூனி, மணிகளைப் பற்றித் தாம் இயற்றிய நூலில் இதனை எடுத்துக்கொண்டார். கேட்டதை ஏட்டில் எழுதி அமைதியுறும் இயல்பினர் அல்லர் அவர். பாம்பின் கழுத்தில் மரகத மாலை சூட்டினார். அதன் கூடையில் மரகதத்தைப் பரப்பினார். அதன் கண்முன் மரகதத்தை அசைத்துக் காட்டினார். வெப்பக் காலத்திலும் குளிர்காலத்திலுமாக ஒன்பது மாதங்கள் இச்சோதனை நீடித்தது. பாம்பின் விழிக்கு ஒரு கேடும் நேரவில்லை என்று அவர் பதிவு செய்தார்.

அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 2001இல், இலண்டனைச் சேர்ந்த உளவியல் அறிஞர் கிறிஸ்டோபர் பிரெஞ்சு தம் குழுவினருடன் செய்த ஆய்வின் முடிவை வெளியிட்டார். 80 பேர் அதில் பங்கு கொண்டனர். சிலர் கையில் உண்மைப் படிகமும் சிலர் கையில் போலிப் படிகமும் கொடுக்கப்பட்டன. உடலில் வெம்மை, கூச்சம் முதலிய உணர்வுகள் தோன்றியதாக இரு சாராரும் ஒத்தே கூறினர். உணர்வைத் தந்தது கல்லன்று, எதிர்பார்ப்பே என்பது புலனாயிற்று.

படிகத்தை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் என்று 1880இல் கியூரி உடன்பிறந்தார் கண்டறிந்தனர். அவ்வுண்மையே பின்னர்ப் படிகக் கடிகாரத்திற்கு அடிப்படை ஆயிற்று. எனினும் அதனைக் காட்டி, மேசைமேல் கிடக்கும் கல் நோயைப் போக்கும் என்று வாதிடுவது பொருந்தாது.

கல்லறிந்து பேணல்

நம்பிக்கை எதுவாயினும் ஆகுக. அழகுக்காகவோ முன்னோர் நினைவாகவோ மணிகளை வைத்திருப்போர் பலர். அவற்றைப் பேணுவதற்கு அறிவியல் வழி உண்டு. செருமானிய அறிஞர் பிரெடரிக் மோஸ் 1812இல் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, புட்பராகம் 8, படிகம் 7. முத்தும் பவளமும் ஏறத்தாழ 3 அல்லது 4. வீட்டுத் தூசியில் நுண்ணிய படிகத் துகள்கள் கலந்திருப்பதால், தூசி படிந்த மென்மையான கல்லை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். வைரத்தையும் முத்தையும் ஒரே பேழையில் இடுவதும் தவறு.

படிக இனக் கற்களை வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, மெல்லிய தூரிகையால் துலக்கி உலர்த்தலாம். முத்தையும் பவளத்தையும் அணிந்து கழற்றியதும் சற்றே ஈரமான மெல்லிய துணியால் துடைத்தல் போதும். வியர்வையும் வாசனைத் தைலமும் அவற்றுக்குப் பகை. மரகதத்தின் நுண்வெடிப்புகளில் எண்ணெய் நிரப்பப்பட்டிருப்பது வழக்கமாதலால், வெந்நீர் அதற்கு ஆகாது. ஜிப்சம் இனத்தைச் சேர்ந்த செலினைட்டு நீரில் சிறிது சிறிதாகக் கரையும். உப்பு நீர், நுண்துளையுடைய கற்களுக்குள் புகுந்து அவற்றின் மேற்பரப்பைக் கெடுக்கும். பூண் கட்டிய உலோகத்தையும் அரிக்கும். பொன்போல் மின்னும் பைரைட்டு, நம் நாட்டைப் போன்ற ஈரக் காற்றில் நாளடைவில் சிதைந்து கந்தக அமிலத்தை உண்டாக்கக் கூடும். நெடுநேரம் வெயில் பட்டால் செவ்வந்திக்கல்லின் ஊதா நிறம் வெளிறும். விற்போர் சொல்லும் முறைகளுள் நிலவொளி ஒன்றே எக்கல்லுக்கும் கேடு செய்யாதது. அதனால் அழுக்கு நீங்குவதும் இல்லை!

மருந்தா, நஞ்சா?

கல்லுக்கு நேரும் கேட்டினும் கொடியது மனிதனுக்கு நேரும் கேடு. கல்லை ஊறவைத்த நீரைப் பருகும் வழக்கம் இன்று பரவி வருகிறது. மலாக்கைட்டு என்னும் பச்சைக் கல்லில் செம்பு உண்டு. கலீனாவில் ஈயம் உண்டு. இலிங்கத்தில் பாதரசம் உண்டு. அரிதாரம், மனோசிலை ஆகிய இரண்டிலும் ஆர்செனிக் உண்டு. நம் சித்த மருத்துவ மரபு அரிதாரத்தையும் மனோசிலையையும் பாடாணங்களுள் வைத்தே எண்ணியது. 'பாடாணம்' என்னும் சொல் கல்லையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும். சுத்தி செய்யாத சரக்கை மருந்திற் சேர்க்கலாகாது என்று அம்மரபு விதித்தது. அம்முறைகளின் பயனும் தீங்கும் இன்று தனியே ஆராயப்பட வேண்டியவை. ஆயினும், எல்லாக் கல்லும் நல்ல கல் என்று முன்னோர் கருதவில்லை என்பது தெளிவு. ஆதலின் கல் ஊறிய நீரைப் பருகுவதைத் தவிர்த்தலே அறிவுடைமை. நோயுற்றோர் கல்லை நம்பி மருத்துவரை நாடாதிருத்தல் அதனினும் பெருந்தீங்கு.

இன்னொரு தீங்கும் உண்டு. அது நம் கண்ணுக்குப் புலப்படாதது. குசராத்து மாநிலத்துக் காம்பே என்னும் கம்பாத் நகரம் அகேட், சூதுபவளம் முதலிய கற்களைப் பட்டை தீட்டுவதில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அங்குக் கல்லை அரைப்போர் மூச்சோடு உட்கொள்ளும் படிகத் தூசி அவர்தம் நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்னும் நோயை விளைக்கிறது. அந்நோயை முழுவதும் போக்கும் மருந்து இன்றும் இல்லை. அரைக்குமிடத்தில் நீர் சொரிந்தும் தூசியை உறிஞ்சும் கருவிகளைப் பொருத்தியும் அதனைப் பெரிதும் தடுக்கலாம். ஒருவர் உடல்நலத்திற்கென வாங்கும் கல், அதனை வழவழப்பாக்கிய தொழிலாளியின் மூச்சைப் பறித்து வந்திருக்குமாயின், எந்த உப்பு நீரால் அந்த மாசைக் கழுவுவது?

ஆசிரியப் பெருமக்கள் இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டு செல்லுதல் நன்று. கிளியோபாத்திரா புளிங்காடியில் முத்தைக் கரைத்துப் பருகினாள் என்று பிளினி எழுதிய கதையை மாணவர்க்குச் சொல்லலாம். பின்னர் முட்டையோட்டைப் புளிங்காடியில் இட்டுக் காட்டலாம். முத்தும் முட்டையோடும் ஒரே வேதிப்பொருளால் ஆனவை. குமிழிகள் எழக் காணும் மாணவன், கேட்டதைச் சோதித்தறிந்த அல்பிரூனியின் வழியில் முதலடி எடுத்து வைத்தவன் ஆவான். சிலப்பதிகார மணிவீதியைப் படிக்கும்போதும், அங்கே மாசையும் மாசின்மையையும் பிரித்தறிந்த கண்ணை அவன் தனதாக்கிக் கொள்வான். மணியின் மாசு நீரில் நீங்கும். மனத்தின் மாசு ஆராய்ச்சியால் மட்டுமே நீங்கும்.