பிளாஸ்டிக் கைத்துப்பாக்கி: ஐந்து தலைமுறைகள்



ஒரு பொருளின் புதிய மாதிரி கடைக்கு வந்துவிட்டால், பழையதைவிட இது மேலானது என்றுதான் விற்பவர் சொல்வார். வாங்குகிறவர் அதை எப்படிச் சரிபார்ப்பது? மிதிவண்டி, தையல் இயந்திரம் என்றால் கொஞ்சம் பணநட்டத்தோடு போய்விடும். ஒரு காவலரின் இடுப்பிலிருக்கும் துப்பாக்கியில் கணக்குத் தவறினால் உயிர் போகும். அது அவருடைய உயிராகவும் இருக்கலாம், வழியே போனவருடைய உயிராகவும் இருக்கலாம். ஆகவே, ஆஸ்திரிய நாட்டில் தோன்றிய கிளாக் என்னும் கைத்துப்பாக்கி தலைமுறைக்குத் தலைமுறை எவ்வாறு மாறி வந்தது என்பதை இன்று ஆராய்வோம்.

1980ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் படையினரிடம் இருந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்து வால்தர் பி38 என்னும் துப்பாக்கி. அதன் சட்டமும் குழலும் உலோகம். எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும். அதற்கு மாற்றுத் தேடிய அரசு கடுமையான நிபந்தனைகளை விதித்தது. 10,000 முறை சுடும்போது 20 தடவைக்கு மேல் சிக்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 1864 முதல் துப்பாக்கித் தொழிலில் பெயர்பெற்ற ஸ்டெயர் நிறுவனம் அந்நாட்டிலேயே இருந்தது. ஆயினும், வியன்னா நகருக்கு அருகிலுள்ள டாய்ச் வாக்ரம் என்னும் ஊரில் திரைச்சீலைக் கம்பிகளும் படைவீரர்க்கான கத்திகளும் செய்துவந்த காஸ்டன் கிளாக் என்பவர் போட்டியில் இறங்கினார். அவர் அதுவரை ஒரு துப்பாக்கியும் செய்ததில்லை. பிறர் செய்த துப்பாக்கிகளை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அனுபவசாலிகளை அழைத்து, உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார். மாதிரியைத் தாமே சுட்டுப் பார்க்கும்போது இடக்கையால் சுடுவாராம்; வெடித்துச் சிதறினாலும் வரைபடம் போட வலக்கை மிஞ்சுமே என்ற கணக்கு! 1982இல் ஆஸ்திரியப் படை அவருடைய துப்பாக்கியையே ஏற்றது. அது 17 தோட்டாக்கள் கொண்டது.

அதன் பிடியும் சட்டமும் நைலான் வகைப் பாலிமரால் ஆனவை. சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் நீளமாகக் கோத்து அமைந்த பொருளே பாலிமர். தோட்டப்புறத்து நேயர்களுக்கு இது அந்நியமன்று. நம் பால்மரத்தில் வடியும் பாலில் இருப்பதும் இயற்கை தந்த பாலிமர்தான். ஆனால் துப்பாக்கி முழுவதும் பிளாஸ்டிக் என்று எண்ணிவிடக் கூடாது. வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் குழலும், அதன்மேல் முன்னும் பின்னும் நழுவும் பாகமும் எஃகினால் ஆனவை. துப்பாக்கியின் எடையில் பெரும்பங்கு அந்த எஃகுதான். இதை அறியாமல், 1986 வாக்கில் அமெரிக்காவில் பெரும் பீதி கிளம்பியது. விமான நிலையச் சோதனைக் கருவிகளை இத்துப்பாக்கி ஏமாற்றிவிடும் என்றார்கள். கருவிகளில் அது நன்றாகவே தெரிந்தது. எனினும் 1988இல், கருவிகளுக்குத் தென்படாத துப்பாக்கிகளைத் தடுக்கும் சட்டம் ஒன்று அங்கு வந்தது.

பிளாஸ்டிக் கைத்துப்பாக்கிக்கு கிளாக்கே முன்னோடி என்பதும் சரியன்று. மேற்கு ஜெர்மனியின் ஹெக்லர் கோக் நிறுவனம் 1970இலேயே விபி70 என்ற ஒன்றை வெளியிட்டது. அதன் விசையை இழுப்பதற்கு மிகுந்த பலம் வேண்டியிருந்ததால் எடுபடவில்லை.

இனி மாற்றங்களுக்கு வருவோம். 1980களின் இறுதியில் வந்த இரண்டாம் தலைமுறையில், கை வழுக்காதிருக்கப் பிடியில் கட்டம் கட்டமாகச் சொரசொரப்பு ஏற்றினர். நல்ல மாற்றம், வியர்த்த கையோடு வேலை செய்கிற எவருக்கும் அதன் அருமை தெரியும். 1990களின் பிற்பகுதியில் வந்த மூன்றாம் தலைமுறையில், குழலுக்குக் கீழே விளக்குப் பொருத்த ஒரு தண்டவாளம் அமைந்தது. இருட்டில் எதிரே இருப்பது கள்வனா, வீட்டுப் பிள்ளையா என்று பார்த்தறிய உதவும் மாற்றம் என்பதால், இதை நாம் மற்றெல்லாவற்றுக்கும் மேலாக வைப்போம். அதே தலைமுறையில் பிடியின் முன்புறத்தில் விரல்கள் பதிய மூன்று பள்ளங்களும் வந்தன. பார்ப்பதற்கு அழகு. ஆனால் யாருடைய விரலுக்கு அளவெடுத்தார்கள்? சிறிய கையுடையவருக்கும் மிகப் பெரிய கையுடையவருக்கும் பள்ளம் ஓரிடம், விரல் ஓரிடம். மேடு விரலடியில் உறுத்திற்று.

2010இல் வந்த நான்காம் தலைமுறை, கை எல்லோருக்கும் ஒன்றுபோல் இராது என்பதை ஓரளவு ஒப்புக்கொண்டது. பிடியின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றும் தகடுகளைத் தந்தனர். தோட்டாக்கூட்டை விடுவிக்கும் பொத்தானை இடக்கையாளருக்காக மறுபக்கம் மாற்றவும் முடிந்தது. நம் பள்ளிகளில் இடக்கைப் பிள்ளைகளை அடித்து வலக்கைக்குத் திருப்பிய காலம் ஒன்று உண்டல்லவா? ஆயுதத் தொழிலும் அந்த மனப்பான்மையிலிருந்து மெதுவாகத்தான் விடுபட்டது. ஆனால் அத்தலைமுறையில் பின்னுதைப்பைக் குறைக்க வைத்த இரட்டைச் சுருள்வில், 9 மில்லிமீட்டர் துப்பாக்கிகளில் தொல்லை கொடுத்தது. 2011இல் நிறுவனமே வில்களை இலவசமாக மாற்றித் தரவேண்டியதாயிற்று. புதியது என்பதற்காகவே முதல் ஆண்டில் வாங்கியவர்கள் சோதனைச்சாலை ஆனார்கள் என்று சொல்லலாம்.

2017இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் விரல் பள்ளங்கள் போயே போயின. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மேம்பாடு என்று விற்றதை நீக்கியதே மேம்பாடு ஆயிற்று! நழுவுபாகத்தைப் பூட்டும் நெம்புகோல் இருபுறமும் வந்தது. தோட்டாக்கூடு நுழையும் வாய் சற்று விரிந்தது. இருட்டிலும் அவசரத்திலும் கை தேடும் நேரம் இதனால் குறையும்.

மாறாத ஒன்றையும் பார்க்கவேண்டும். பெரும்பாலான கிளாக் துப்பாக்கிகளில் கட்டைவிரலால் தள்ளும் தனித் தடைப்பூட்டு கிடையாது. விசையின் முகத்திலுள்ள ஒரு சிறு நெம்பும், உள்ளே மறைந்த இரு தடைகளும்தான் காப்பு. கீழே விழுந்தால் வெடிக்காது. ஆனால் விரல் பட்டு அழுந்தினால் வெடிக்கும். அதற்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ இழுவை போதும். பழைய சுழல்துப்பாக்கிக்கு அதைப்போல் இருமடங்கு வேண்டும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் காவல்துறை 1980களின் இறுதியில் சுழல்துப்பாக்கியை விட்டு கிளாக்குக்கு மாறியது. பத்தாண்டுகளில் 120க்கும் மேற்பட்ட முறை காவலர் எண்ணாமலே குண்டு பாய்ந்ததாக வாஷிங்டன் போஸ்ட் நாளேடு 1998இல் வெளியிட்டது. காவலர்க்குப் போதிய பயிற்சி தரப்படவில்லை என்பது அதன் முடிவு. நாமும் அதை ஏற்கிறோம், ஆனால் பாதிதான். துப்பாக்கியைத் துடைக்கப் பிரிக்கும்போது முதலில் விசையை அழுத்தியாக வேண்டும். உள்ளே ஒரு தோட்டா மறதியாய்த் தங்கியிருந்தால் அது வெடித்துவிடும். களைத்துப்போன மனிதன் மறப்பான் என்பது வடிவமைப்பாளர்க்குத் தெரியாததா? 2005இல் ஸ்மித் வெஸ்ஸன் நிறுவனம், விசையைத் தொடாமலே பிரிக்கத்தக்க பாலிமர் துப்பாக்கி ஒன்றை வெளியிட்டது. வழி இருந்தது.

காஸ்டன் கிளாக் 2023 டிசம்பரில் தமது 94ஆம் வயதில் காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2020இல், பிரெஞ்சுப் படை தன் பழைய துப்பாக்கிகளை ஒதுக்கிவிட்டு, ஐந்தாம் தலைமுறைக் கிளாக்கைச் சுமார் 75,000 எண்ணிக்கையில் தேர்ந்தெடுத்தது. அந்தத் துப்பாக்கிகளையும் துடைக்க உட்காரும் வீரர், பிரிப்பதற்குமுன் விசையை அழுத்தியே ஆகவேண்டும்.