நடக்காதீங்கன்னா, பேர் யார் போடுவா?

"காலை ஊன்றாதீங்க." சீனி வருத்தத்தால் பாதத்தில் புண் வந்தவருக்கு டொக்டர் சொல்வது இதுதான். ஆனால் கேகாலை றப்பர் மலையில் பால் வெட்டுகிறவர் எப்படி ஊன்றாமல் இருப்பார்? வேலைக்குப் போகாட்டி பேர் விழாது.

டொக்டர் சொல்வது சரிதான். சீனி நரம்பைக் கெடுத்தால் பாதம் மரத்துப்போகும். வலி தெரியாததால் புண்மேலேயே மிதிப்போம், புண் ஆழமாகும். பாரம் இறங்காமல் மருந்து மட்டும் கட்டிப் பயனில்லை.

இதை உலகம் கற்றது தொழுநோயாளிகளிடம். அவர்களுடைய பாதமும் இப்படித்தான் மரக்கும். 1930களில் நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் மில்ரோய் போல் அந்தப் புண்களுக்கு பிளாஸ்டர் கட்டு போட்டார். இந்தியாவில் ஜோசப் கான் 1939இல் அதைப் பற்றி எழுதினார். வேலூரில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த போல் பிராண்ட், 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்து அந்தக் கட்டு நீரிழிவுப் பாதத்துக்கும் பரவியது.

கட்டு காலோடு பொருந்தி நிற்பதால், ஓரிடத்தில் விழும் பாரம் முழுப் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் பிரியும். நோயாளியால் கழற்ற முடியாது என்பதே அதன் பலம். கிருமி தொற்றியிருந்தால், இரத்த ஓட்டம் குறைவென்றால் ஒத்துவராது. பழகிய கைதான் போடணும்.

கட்டு போட்டாலும் மலை ஏற முடியாது, நடையைக் குறைக்கத்தான் வேணும். அந்த நாட்களின் கூலியும் வைத்தியத்தில் சேர்த்தி என்கிறோம் நாங்கள். அதைக் கொடுக்காமல் ஓய்வெடுக்கச் சொன்னால், அந்தப் பாரம் லயத்துக் குடும்பத்தின் தலையில்தான் இறங்கும்.