ஐந்தொகையும் குறிச்சொல்லும்

நிறுவனக் கணக்குகளைக் கணினி வாசிக்கும் வடிவில் எழுதலாம் என்று 1998-இல் அமெரிக்கக் கணக்காளர் சார்லஸ் ஹாஃப்மன் முன்வைத்த எண்ணமே பின்னர் எக்ஸ்பிஆர்எல் ஆயிற்று. இந்தியாவில் 2010-11 நிதியாண்டுக் கணக்குகள் முதல் அது கட்டாயமானது: பட்டியலிடப்பட்டவை, அவற்றின் இந்தியத் துணை நிறுவனங்கள், 5 கோடி ரூபாய் செலுத்திய மூலதனமோ 100 கோடி ரூபாய் விற்றுமுதலோ உடையவை. வங்கி, காப்பீடு, மின்சாரம் முதலிய துறைகள் அப்போது விலக்குப் பெற்றன.

அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தனக்கென்று புதுக் குறிச்சொல்லை ஆக்கிக்கொள்ளலாம். ஒப்பிடுவோர் பாடு திண்டாட்டம். நம் கம்பெனி விவகார அமைச்சகமோ குறிச்சொல் அகராதியை மூடியே வைத்தது. ஆய்வாளருக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் அமைச்சகம் இலவசமாகத் தந்த கருவியைக் கவனியுங்கள்: கோப்பு விதிக்கு உட்பட்டதா என்று சோதிக்கும், சான்றளிப்பவர் பார்த்துச் சரிபார்க்க அதைப் பிடிஎஃப் ஆக்கித் தரும். (குறிச்சொல்லிட்ட எண்ணை மறுபடியும் காகிதமாக்கும் விந்தை!) தாக்கல் செய்பவரை மனத்தில் வைத்தே அது கட்டப்பட்டது.

படிப்பவர் நிலை வேறு. ஒரு நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்வையிட 100 ரூபாய்க் கட்டணம். 500 நிறுவனங்களை ஒப்பிட எண்ணும் ஆய்வு மாணவர் 50,000 ரூபாய்க்கு எங்கே போவார்? அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2009 முதலான தரவுகளை மொத்தமாக, இலவசமாகத் தருகிறது. குழப்பமான குறிச்சொற்களோடும் அங்கே ஆய்வு தழைப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பேன். அரெல்லே போன்ற திறமூலக் கருவிகள் எந்தக் கோப்பையும் திறந்து காட்டும். கோப்பு கைக்கு வர வேண்டுமே.