ஆற்றின் கடைசி ஊரிலிருந்து ஒரு நெல் கதை



போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். ஏரல் பக்கம் நெல்லும் வாழையும் போடுகிறான். சாப்பிட்டுக்கொண்டே, "சார், இந்த ஒத்தை நாத்து நடவு எங்கிருந்து சார் வந்துச்சு?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவர், "கடக்கரைக்கார வாத்தியார்கிட்டயா நெல்லைப் பத்திக் கேக்கிற?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அது நம்மூர்க்காரன் கேட்க வேண்டிய கேள்விதான்.

பொதிகையில் பிறக்கிற தாமிரபரணி கடலில் சேருவது நம் புன்னைக்காயலில். வழியில் எட்டு அணைக்கட்டுகள். எட்டாவது, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய ஸ்ரீவைகுண்டம். அதையும் தாண்டி வருவதுதான் நம் முகத்துவாரத்துக்கு வரும் நல்ல தண்ணீர். அது குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறும். ஆகவே மேலே காருக்கும் பிசானத்துக்கும் வயல் எவ்வளவு குடிக்கிறது என்பது நம் கதையும்தான்.

ஒற்றை நாற்று நடவு பிறந்த இடம் மடகாஸ்கர். ஆன்றி டி லொலானியே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு அங்கே உழவர்களோடு வாழ்ந்தார். 1983ல் பருவம் நெருக்கியதால், அவருடைய பள்ளி வயலில் பதினைந்தே நாளான நாற்றை நட வேண்டி வந்தது. பிழைக்காது என்று நினைத்த பயிர் தூர் வெடித்து நின்றது. நம் ஊரில் வாழ்ந்து, 1578ல் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறக் காரணமான அண்டிரிக் அடிகளாரும் அதே சபைதான். ஒருவர் எழுத்தை அச்சில் நட்டார், இன்னொருவர் நாற்றைச் சேற்றில் நட்டார்.

முறை இதுதான். பாய் நாற்றங்காலில் 14 நாள் நாற்று. குத்துக்கு ஒன்றே ஒன்று, சதுரமாக, கால் மீட்டர் இடைவெளி விட்டு. தண்ணீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும். களையை உருளைக் கருவியால் மண்ணுக்குள்ளேயே அமுக்கிவிட வேண்டும். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பண்ணையில் விளைந்தது சம்சாரி வயலில் விளையுமா? இதைச் சோதிக்கத்தான் 2003-04ல் தமிழக அரசு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்தது. தாமிரபரணிப் படுகையில் நூறு, காவிரிப் படுகையில் நூறு என உழவர்களின் சொந்த வயல்களிலேயே சோதனை நடந்தது. ஒரே வயலில் ஒரு பாதி பழைய நடவு, மறு பாதி புது நடவு. முன்னின்றவர்களில் ஒருவர் பேராசிரியர் டி.எம். தியாகராஜன்.

நம் படுகையில் வந்த விடை: பழைய நடவில் ஹெக்டேருக்குச் சராசரி ஐந்தரை டன் சொச்சம், புது நடவில் ஏழு டன்னுக்கு மேல். விளைச்சல் கால் பங்குக்கு மேல் கூடியது, தண்ணீரோ குறைந்தது. பிறகு இது மாநிலம் முழுக்கப் போனது. 2007ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்திலும் சேர்ந்தது.

அப்படியானால் இன்று எல்லா வயலிலும் ஏன் இல்லை? என் மாணவனே சொன்னான்: "நடவுக்கு வந்த அக்காமாரு, இந்தப் பிஞ்சு நாத்தத் தொடவே கை கூசுதுன்னு சொல்லிட்டாங்க சார். கயிறு கட்டி நட நேரம் கூட ஆகுது, கூலி அதேதான். தண்ணியும் என் இஷ்டத்துக்கு வராதே. மேல் வயலுக்காரர் மடையைத் திறந்தா என் வயலும் நனைஞ்சிரும்."

இதில்தான் பாடம் இருக்கிறது. நூறு வயலில் முறையைச் சோதித்தோம். ஆனால் நடவுக்காரப் பெண்களின் கூலியும் பழக்கமும், வாய்க்காலின் முறைப்பாசனமும் சேர்ந்து மாறினால்தானே அது நிலைக்கும்? ஒரு தனி ஆள் தன் வயலைக் காயப்போட முடியாது, ஒரு மடை முழுக்கச் சேர வேண்டும்.

அமெரிக்காவில் 2018 வேளாண் சட்டம், சம்சாரி வயலில் நடக்கும் இப்படிப்பட்ட சோதனைகளுக்கென்றே ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கியது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. புதியதை முயல்கிறவருக்கு நட்டம் வந்தால் தாங்கிக்கொள்ள நேரடியாகவே பணம் உண்டு. சோதனை எலியாக நிற்பவனுக்கும் வயிறு இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது.

நமக்கு இன்னொன்றும் வேண்டும். மேலே மிச்சமான தண்ணீர் தானாகக் கீழே வந்துவிடாது, வழியிலேயே இன்னொரு தேவை அதை எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை அரசு இப்படிப் பணம் கொடுத்தால், ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று எண்ணுவதோடு, முகத்துவாரத்துக்கு எவ்வளவு வந்தது என்றும் அளக்கட்டும். அளப்பதற்கு நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மேலே விவசாயம் பார்க்கும் என் மாணவர்கள் யாராவது இந்த முறையில் நட்டிருந்தால், லாபமோ நட்டமோ, கீழே எழுதுங்கள். மார்க் போட மாட்டேன், படித்துத் தெரிந்துகொள்வேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்