பத்து டாலர் லென்ஸ்

சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட தாத்தாக்கள் இப்போது அதிகம் கண்ணில் படுவதில்லை. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக அந்தக் கனத்த கண்ணாடியைக் கொடுப்பதுதான் ஒரு காலத்து வைத்தியம். கண்ணாடி உடைந்தால் மறுபடி தட்டுத்தடுமாற வேண்டியதுதான்.

மாற்று வழி 1949இலேயே பிறந்துவிட்டது. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததைக் கவனித்தவர் ஹரால்ட் ரிட்லி. அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். ஆனால் நாற்பது வருடம் கழித்தும் ஒரு லென்ஸின் விலை நூறு டாலருக்கு மேல். கையளவு கூட இல்லை, பருப்பளவு பிளாஸ்டிக்!

சிட்னியில் பிரெட் ஹாலோஸுக்கு இது பொறுக்கவில்லை. நியூசிலாந்தில் பிறந்து, சிட்னியின் ராண்ட்விக் பகுதியில் கண் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். பேச்சு கொஞ்சம் கரடுமுரடு. 1976 முதல் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி ஊர்களுக்கெல்லாம் குழுக்களைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு லட்சம் பேருக்கு மேல் கண் பரிசோதனை நடத்தினார். பணக்கார நாட்டின் பூர்வகுடிகள் டிரக்கோமா என்ற கண் தொற்றுநோயால் பார்வை இழந்துகொண்டிருந்தார்கள்.

1987இல் ஆப்பிரிக்காவின் எரித்திரியாவுக்குப் போனார். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. குண்டுவீச்சுக்குத் தப்பி மறைவிடங்களில் மருத்துவமனை நடத்திய போராளிகள், மருந்துகளையும் தாங்களே தயாரித்தார்கள். மாத்திரை செய்கிறவர்களுக்கு லென்ஸ் செய்ய வராதா? தானமாக ஒரு பெட்டி லென்ஸ் அனுப்புவது சுலபம். பெட்டி காலியானதும் மறுபடி கையேந்த வேண்டும். தொழிற்சாலையே அங்கே இருந்தால் அந்தக் கவலை இல்லை.

1992 செப்டம்பரில் ராண்ட்விக் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அவரும் மனைவி கேபியும் நண்பர்களும் உட்கார்ந்து இதற்காக ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அதற்குள் ஹாலோஸுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. அந்த நிலையிலும் அதே ஆண்டு வியட்நாம் போய், அங்கிருந்த மருத்துவர்களுக்கு லென்ஸ் அறுவை சிகிச்சையைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். 1993 பிப்ரவரி 10 அன்று காலமானார். எரித்திரியாவின் அஸ்மாராவிலும் நேபாளத்தின் காத்மண்டுவிலும் லென்ஸ் தொழிற்சாலைகள் எழுந்ததை அவர் பார்க்கவில்லை. காத்மண்டுவில் பொறுப்பேற்றவர் அவரிடம் சிட்னியில் பயின்ற சந்துக் ருயித். விலை பத்து டாலருக்கு இறங்கியது.

நம்மூர்க் கதையையும் சொல்லாமல் விடக்கூடாது. அதே 1992இல்தான் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையின் பிள்ளை அது. தானத்தை நம்பினால் ஏழைக்கு லென்ஸ் எட்டாது என்ற அதே கணக்குதான் இங்கேயும். சிட்னியைப் பார்த்து மதுரையோ மதுரையைப் பார்த்து சிட்னியோ செய்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றெரிச்சல் இரண்டு ஊருக்கும் பொது.

வீட்டில் யாருக்காவது புரை அறுவை நடந்திருந்தால், அவர்களுடைய மருத்துவச் சீட்டில் லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். செய்த இடத்தின் பெயர் அதில் இருக்கும்.