பத்து விரல்களின் கணக்கு

சென்ற மாரியில் எங்கள் குசினியில் கோப்பை கழுவுகிற ஒருவர் தனது வதிவிட அட்டையைப் புதுப்பிக்கப் போனார். கண்ணாடித் தட்டில் சுட்டுவிரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். மெசின் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். அப்போதும் இல்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. பதினொரு வருஷம் கொதிநீரிலும் எண்ணெய்ப்பிசுக்குப் போக்குகிற மருந்திலும் ஊறிய விரல்கள். ரேகையெல்லாம் தேய்ந்து மழமழவென்று கிடந்தன. அங்கிருந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்து, வேண்டுமென்றுதான் தேய்த்தீர்களா என்று கேட்டாராம். மூன்று வாரம் கையை நனைக்காமல் இருந்துவிட்டு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"மூண்டு வாரம் கையை நனைக்காமல் இருந்தால் சம்பளம் ஆர் தாறது?" என்று அவர் கேட்க நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பெரிய குக்காக இருக்கும் அண்ணர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, மடியிலை கனமிருந்தால்தான் வழியிலை பயம். களவெடுத்தவன்தான் விரலை ஒளிப்பான். எங்களுக்கென்ன? குடுத்துப்போட்டு வாறதுதானே" என்றார்.

அன்றிரவு நிலம் கழுவி முடித்துக் கடைசி ரயிலில் வரும்போதும் விவாதம் ஓயவில்லை. அண்ணருக்கு அன்று நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம். அதற்கு வங்காளத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

*

ஆட்சியாளர்கள் விரலை மையில் தோய்த்து வாங்கத் தொடங்கியது கள்ளரைப் பிடிக்க அல்ல. 1858 யூலையில் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, வீதிக்குக் கல் கொடுக்க ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் எழுதினார். எழுதியபின் கோனாயின் உள்ளங்கையில் மை பூசி அதைப் பத்திரத்தின் பின்புறத்தில் அழுத்தி எடுத்தார். பின்னொரு நாள் அது தன் கையெழுத்தல்ல என்று மறுக்கிற எண்ணமே கோனாய்க்கு வராதபடி வெருட்டுவதுதான் தன் நோக்கம் என்று ஹேர்ஷலே பிற்காலத்தில் எழுதினார். 1857 கிளர்ச்சிக்கு அடுத்த வருஷம் அது. ஆள்பவனுக்கு ஆளப்படுபவனின் சொல்லிலும் நம்பிக்கை இல்லை, கையெழுத்திலும் நம்பிக்கை இல்லை. 1877இல் ஹூக்ளியில் அதே ஹேர்ஷல் ஓய்வூதியக்காரரிடமும் காணி உறுதி எழுத வந்தவர்களிடமும் சிறைக்கைதிகளிடமும் விரலடையாளம் வாங்கத் தொடங்கினார்.

விரல்களைச் சேர்ப்பது சுலபம். சேர்த்ததில் ஒன்றைத் தேடி எடுப்பதுதான் கஷ்டம். அந்தக் கணக்கைத் தீர்த்தவர்கள் கல்கத்தாவில் வேலைசெய்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு உத்தியோகத்தர்கள். எங்கள் பாட்டிமார் விரலில் சங்கா சக்கரமா என்று பார்த்துப் பலன் சொன்னார்கள். இவர்கள் அதையே எண்ணாக்கினார்கள். பத்து விரலையும் ஐந்து சோடியாகப் பிரித்து, எந்த விரலில் சக்கரம் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்தால் 1024 வகை வரும். 1024 பெட்டிகள் உள்ள ஓர் அலுமாரி இருந்தால் போதும், எந்த மனிதனையும் அதில் வைக்கலாம், தேடியும் எடுக்கலாம். 1897இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் திறந்தார்கள். 1901இல் அது லண்டன் ஸ்கொட்லண்ட் யார்டுக்குப் போனது. ஆனால் உலகம் அதற்கு வைத்த பெயர் 'ஹென்றி முறை'. எட்வேர்ட் ஹென்றி அவர்களுடைய பொலிஸ் மேலதிகாரி. குசினியில் கறி வைப்பவன் ஒருவன், பெயர்ப்பலகையில் பெயர் இன்னொருவனுக்கு. இது எங்களுக்குப் புதிதல்ல.

*

களவெடுத்தவன்தான் விரலை ஒளிப்பான் என்றார் அண்ணர். களவெடுத்தவனிடம் மட்டுமா விரல் கேட்டார்கள்?

1871இல் பிரிட்டிஷார் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சில சாதிகளையும் குடிகளையும் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று அறிவிக்கிற சட்டம் அது. 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுச் சனங்கள் அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: கைரேகைச் சட்டம். குற்றம் செய்தாயா என்று யாரும் கேட்கவில்லை. யாருடைய வயிற்றில் பிறந்தாய் என்பதே போதுமாயிருந்தது. 1920 ஏப்ரல் 3இல் மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்து நின்ற பிரமலைக் கள்ளர்மீது பொலிஸ் சுட்டது. பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு.

அதற்கு முன்னரே தென்னாபிரிக்காவில் இது நடந்துவிட்டது. ஹென்றி 1900இல் அங்கு போய்ப் பொலிசைச் சீரமைத்தார். விரலடையாளமும் அவரோடு கப்பலேறிப் போனது. 1906இல் ட்றான்ஸ்வாலில் ஒரு சட்டம் வரைந்தார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆசியரும் பதிந்து, அடையாளம் கொடுத்து, பத்திரம் எடுக்க வேண்டும், பொலிஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்றது அது. காந்தியின் சத்தியாக்கிரகம் பிறந்தது இந்தச் சட்டத்துக்கு எதிராகத்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1908 ஓகஸ்ட் 16இல் ஜொகன்னஸ்பேர்க்கில் ஹமீதியா பள்ளிவாசல் முன்றலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பத்திரங்களை ஒரு பெரிய சட்டியில் போட்டு எரித்தார்கள்.

அந்தப் போராட்டத்தைத் தாங்கியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் தமிழர்கள். மொரீசியசில் பிறந்த தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறை போனார். சாமி நாகப்பன் என்ற இளைஞர் 1909 யூலையில் சிறையிலிருந்து வந்த சில நாட்களில் இறந்தார். நாராயணசாமியை நாடு கடத்தினார்கள். அவர் திரும்பி வந்தபோது எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை. 1910 ஒக்டோபரில் டெலகோவா குடாவில் அவர் உயிர் போனது. துறைமுகம் துறைமுகமாக அலைந்து, இறங்க இடமில்லாமல் செத்த தமிழர் அவர். இன்று மத்தியதரைக் கடலில் நடப்பதைச் செய்தியில் பார்க்கும்போது நமக்கு அவர் ஞாபகம் வரவேண்டாமா?

*

"அது வெள்ளைக்காரன்ரை காலம். இது சனநாயகம்" என்றும் அண்ணர் சொன்னார்.

பட்டியல் எழுதுகிறவன் ஒருவன், அதைப் பாவிக்கிறவன் இன்னொருவனாக இருக்கலாம். ஒல்லாந்தில் யுத்தத்துக்கு முன்பே குடிமக்கள் பதிவேடு மிக ஒழுங்காக இருந்தது. மதமும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. கெட்ட நோக்கத்தோடு யாரும் அதை எழுதவில்லை. 1940இல் நாசிகள் வந்தார்கள். பதிவேடு தயாராக இருந்தது. விரலடையாளமும் படமும் உள்ள அடையாள அட்டையும் வந்தது. அந்நாட்டு யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27இல் ஒரு சிறு குழு அம்ஸ்ரடாம் பதிவகத்துக்குத் தீ வைத்தது. அதற்காகப் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் கடதாசிக்காகச் செத்தவர்கள் அல்ல. கடதாசி எத்தனை பேரைக் கொல்லும் என்று விளங்கிச் செத்தவர்கள்.

நாம் ஒல்லாந்து வரை போகவும் தேவையில்லை. 1983 யூலையில் கொழும்பில் வீடு வீடாக வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை. தாய் தகப்பன் சொல்லிக் கேட்டதுதான். வாக்குரிமைக்காகப் பதிந்த பெயர், எந்த வீட்டை எரிக்கலாம் என்று காட்டியது. அந்த வீடுகளில் இருந்தவர்களின் மடியில் என்ன கனம் இருந்தது, அண்ணர்?

*

இனி நம்முடைய காலம். 2003 ஜனவரி 15இல் ஐரோப்பா 'யூரோடாக்' என்ற கணணிச் சேமிப்பைத் தொடங்கியது. தஞ்சம் கேட்கும், பதினான்கு வயதான எவரும் பத்து விரலையும் அதில் பதிக்க வேண்டும். கல்கத்தா அலுமாரி கணணிக்குள் ஏறிவிட்டது, அவ்வளவுதான். எந்த நாட்டில் முதலில் விரல் பதிந்ததோ அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப, டப்ளின் ஒழுங்குவிதிக்கு இதுதான் கைகொடுத்தது. நாடு கேட்டுக் கலே துறைமுகத்தில் காத்துக் கிடந்தவர்களில் விரல்நுனியைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. தஞ்சக் கோரிக்கைக்கு மட்டும் என்று தொடங்கியதை 2015 யூலையிலிருந்து பொலிசும் பார்க்கலாம் என்றார்கள். 2024 மே மாதம் நிறைவேறிய புதிய சட்டம் முகப்படத்தையும் சேர்த்துக்கொண்டு, வயதை ஆறாக இறக்கியது. 1906இல் ட்றான்ஸ்வால் கேட்டது எட்டு வயது!

இந்தப் பதிவுகள் போகக்கூடாத இடத்துக்குப் போகாது என்பதற்கு யார் பொறுப்பு? வங்காளதேசத்தில் ஐ.நா. அகதிகள் அமைப்பும் அந்நாட்டு அரசும் சேர்ந்து றொகிங்கியா அகதிகளைப் பதிந்தன. அவர்களில் குறைந்தது 830,000 பேரின் விபரங்களை வங்காளதேசம் மியன்மார் அரசிடமே கொடுத்தது என்று 2021 யூனில் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளிப்படுத்தியது. சம்மதம் கேட்டுத்தான் செய்தோம் என்றது ஐ.நா. அமைப்பு. உணவு அட்டைக்கு வரிசையில் நிற்பவனிடம் கேட்கிற சம்மதத்தின் பெறுமதி நமக்குத் தெரியும். நாமும் மொழி விளங்காத கடதாசிகளில் கையெழுத்து வைத்து வந்தவர்கள்தான்.

நாங்கள் விஞ்ஞானத்துக்கு எதிரிகள் அல்ல. ஊரோடு பேசுவது கைத்தொலைபேசியில்தான். அதைத் திறப்பதும் பெருவிரலால்தான், அது தேயாமல் இருக்கும்வரை. எங்கள் கேள்வி வேறு. 1983 டிசெம்பர் 15இல் ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், குடிசன மதிப்பு வழக்கில், தன்னைப் பற்றிய தகவல் எங்கே போகிறது என்று தீர்மானிக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு என்றது. குடிசனங்கள் வீதிக்கு இறங்கிக் கேட்டதால் கிடைத்த தீர்ப்பு அது. அந்த உரிமை அகதிக்கும் உண்டா என்று கேட்க வேண்டியவர்கள் நாம். நாமோ, இந்த நாட்டுப் பாஸ்போட் கைக்கு வந்ததும், பின்னால் வருகிற சிரியாக்காரனையும் ஆப்கான்காரனையும் நன்றாகப் பதியட்டும், கண்டபடி வரவிடக்கூடாது என்று தேநீர் குடித்தபடி சொல்கிறோம். எங்கள் கடைகளிலும் இதைக் கேட்கிறோம். வெட்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் அண்ணருக்குச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். வெங்காயம் வெட்டிக்கொண்டே, "நீங்கள் சொல்லுறது சரிதான். இப்ப அவனுக்குக் கார்ட் வேணுமோ வேண்டாமோ?" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. சட்டியில் போட்டு எரிக்க எங்களுக்குத் துணிவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், கடன் இருக்கிறது.

கோப்பை கழுவுகிறவர் மூன்று வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் நின்றார். அவருடைய வேலையை நாங்கள் பங்குபோட்டுச் செய்தோம். திரும்பப் போனபோது இரண்டு விரல்கள் பதிந்தன. இந்தமுறை அவர் ஒரு கேள்வி கேட்டாராம்: இதை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், யார் யார் பார்ப்பார்கள்? அந்தப் பெண் இதை யாரும் கேட்டதில்லை என்று சொல்லி உள்ளே போய் விசாரித்து வந்து, ஒரு கடதாசி கொடுத்தார். அதை இப்போது நாங்கள் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருக்கிறோம்.